‘டெட் பீஸ்’ என்று தூக்கிப் போடும் ரேடியோ மாட்யூல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

‘அண்ணே, இது டெட் பீஸ். வேற ஒண்ணு குடுங்க.’ இறுதியாண்டு புராஜெக்ட் ஒப்படைக்கும் மாதங்களில் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் எந்தக் கடை முன்னால் நின்றாலும் இந்தக் குரல் காதில் விழும். கேட்பவர் கையில் பெரும்பாலும் ஒரே பொருள்தான் இருக்கும்: தீப்பெட்டியை விடச் சின்னதாக, ஒரு ஓரத்தில் வளைந்து நெளிந்து ஓடும் ஆன்டெனாக் கோடும் மறு ஓரத்தில் எட்டுப் பின்னும் உள்ள என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் ரேடியோ மாட்யூல். நார்வே நாட்டின் நார்டிக் செமிகண்டக்டர் வடிவமைத்த சிப் அது. இரண்டு ஆர்டுயினோ பலகைகள் (புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்னக் கணினிப் பலகைகள்) கம்பியில்லாமல் பேசிக்கொள்ள இதைவிட மலிவான வழி கிடைப்பது கடினம். கடைக்காரர் மாற்றிக் கொடுக்கிறார், அல்லது பிள்ளைகள் இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள். வீட்டில் மாட்டினால் அதுவும் பேசாது. மூன்றாவதும் வாங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் நீளக் கம்பியை இழுத்துக் கட்டி புராஜெக்டை ஒப்பேற்றிவிடுகிறார்கள்.

அந்த மூன்றும் பெரும்பாலும் உயிரோடுதான் இருந்திருக்கும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கோளாறைத் தேடும் வரிசைதான் தலைகீழாகிவிடுகிறது. பேசவில்லை என்றதும் எல்லோரும் முதலில் புரோகிராமைத் திறந்து வரி வரியாக மாற்றுகிறார்கள். அதைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் மின்சாரம், அடுத்து கம்பி, அதற்கடுத்து சிப் பதில் சொல்கிறதா என்ற சோதனை, பிறகு இரு பக்கத்து அமைப்புகள், கடைசியாகக் காற்றில் இருக்கும் தடை. இந்த வரிசையில் போனால் அநேகமாக ஒரு மாலைப் பொழுதுக்குள் கோளாறு பிடிபட்டுவிடும்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தச் சிப்புக்கு 1.9 முதல் 3.6 வோல்ட் வரை கொடுக்கலாம். மின்சாரம் உள்ளே போகும் விசிசி பின்னை ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் செருகினால் மாட்யூல் உண்மையிலேயே செத்துப்போகும். ஆனால் டேட்டா பின்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. விசிசி 2.7 முதல் 3.3 வோல்ட்டுக்குள் இருக்கும்வரை அவை 5 வோல்ட் சிக்னலைத் தாங்கும்; 5 வோல்ட்டில் இயங்கும் உனோ வகை ஆர்டுயினோவோடு இணைக்க இடையில் வோல்டேஜை இறக்கும் லெவல் கன்வெர்ட்டர் வேண்டியதில்லை. இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான், 3.3 வோல்ட் பின்னில் சரியாகவே செருகுகிறார்கள். அப்படியும் மாட்யூல் ஊமையாக இருப்பதுதான் அவர்களைக் குழப்புகிறது.

காரணம் இதுதான். இந்தச் சிப் முழு பவரில் அனுப்பும்போது 11.3 மில்லி ஆம்பியரும், கேட்கும்போது 13.5 மில்லி ஆம்பியரும்தான் எடுக்கும். ஒரு எல்இடி எடுக்கும் அளவுதான். ஆனால் அது சீராக ஓடும் மின்சாரம் இல்லை. காத்திருக்கும் நிலையிலிருந்து அனுப்பும் நிலைக்கு 130 மைக்ரோ வினாடியில் தாவும். அந்தத் தாவலில் மின்சாரத்தைச் சட்டென்று இழுக்கும். 20 சென்டிமீட்டர் ஜம்பர் வயரும், செருகிச் செருகித் தளர்ந்துபோன பிரெட்போர்டுத் துளைகளும் அவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. மாட்யூலின் காலடியில் வோல்டேஜ் ஒரு கணம் சரிந்துவிடுகிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 3.3 என்று அசையாமல் காட்டும். மீட்டர் வினாடிக்கு இரண்டு மூன்று முறைதான் அளந்து சொல்கிறது. இடையில் விழுந்த பள்ளம் அதன் கண்ணில் படவே படாது. ‘மீட்டரில் பார்த்தேன், வோல்டேஜ் சரியாக இருக்கிறது’ என்று நம்பித்தான் பலர் மின்சாரத்தை விட்டுவிட்டுப் புரோகிராமில் போய் விழுகிறார்கள்.

மருந்து ஒரு கப்பாசிட்டர். 10 மைக்ரோஃபாரட் போதும், 47 அல்லது 100 கிடைத்தாலும் நல்லதுதான். 16 வோல்ட் என்று எழுதிய எலக்ட்ரோலிட்டிக் வகை. அதை எங்கே போடுகிறோம் என்பதில்தான் விஷயம். பிரெட்போர்டின் மறுகோடியில் செருகினால் பாதிப் பயன்கூட வராது. மாட்யூலைத் திருப்பிப் பிடித்தால், எட்டுப் பின்னில் ஒன்றைச் சுற்றி மட்டும் சதுரமாகக் குறி இருக்கும். அதுதான் கிரவுண்ட். அதற்கு ஜோடியாகப் பக்கத்தில் நிற்பது விசிசி. கப்பாசிட்டரின் உடம்பில் வெளிர் நிறப் பட்டை ஓடும் பக்கத்துக் கால் கிரவுண்டுக்கு, மற்றது விசிசிக்கு. இரண்டு காலையும் கால் சென்டிமீட்டருக்கு வெட்டி, பின்களின் அடிப்பகுதியிலேயே நேராகச் சாலிடர் செய்துவிட வேண்டும். ஈயம் அடுத்த ஜோடிப் பின்னுக்கு வழிந்துவிட்டதா என்று வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றையும் சேர்த்து வைத்தால் வேகமான அதிர்வுகளும் அடங்கும். செராமிக்குக்குப் பட்டை திசை எதுவும் கிடையாது.

மின்சாரக் குறைதான் என்பதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் உண்டு. கேட்கும் பக்கம் ஒழுங்காக இருக்கும், அனுப்பும் பக்கம்தான் தோற்கும். பவரை மிகக் குறைவாக வைத்தால் செய்தி போகும், அதிகபட்சமாக வைத்தால் நின்றுவிடும். மாட்யூலை விரலால் தொட்டால் பேசும், கையை எடுத்தால் ஊமையாகும். காலையில் ஓடியது கம்பியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்ததும் நின்றுவிடும். இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் புரோகிராமை மூடி வைத்துவிட்டு சாலிடரிங் அயர்னை எடுங்கள்.

சந்தேகம் தீர இன்னொரு எளிய சோதனை இருக்கிறது. ஆர்டுயினோவின் 3.3 வோல்ட்டை அடியோடு விட்டுவிட்டு, புதிய பென்சில் செல் இரண்டைத் தொடராக வைத்து மாட்யூலுக்கு நேராகக் கொடுங்கள். செல்லின் நெகட்டிவையும் ஆர்டுயினோவின் கிரவுண்டையும் கட்டாயம் ஒரு கம்பியால் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டேட்டா சிக்னலுக்குத் திரும்பும் வழி இருக்காது. பழைய செல் வேண்டாம். வோல்டேஜ் 2.7-க்குக் கீழே போனால் மேலே சொன்ன 5 வோல்ட் தாங்கும் சலுகையும் போய்விடும். செல்லில் ஓடி, ஆர்டுயினோவின் பின்னில் ஓடாவிட்டால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

பலகைக்குப் பலகை வித்தியாசமும் உண்டு. உனோவின் 3.3 வோல்ட் பின்னுக்கு அதன் விவரப் பட்டியல் சொல்லும் வரம்பு 50 மில்லி ஆம்பியர். ஆர்டுயினோவின் சின்னப் பலகையான நானோவில் அந்த 3.3 வோல்ட் தனி ரெகுலேட்டரிலிருந்து வருவதில்லை, யுஎஸ்பி சிப்பின் உள்ளிருந்து கசிந்து வருவது. அதை நம்பி ரேடியோ மாட்டுவது ஆபத்து. நீளக் குச்சி ஆன்டெனாவும் பவர் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெரிய மாட்யூலை வாங்குபவர்கள் இதை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். அது அனுப்பும் கணத்தில் 100 மில்லி ஆம்பியரைத் தாண்டும். உனோவின் பின்னில் மாட்டி அது ஓடவில்லை என்று குறை சொல்வது நியாயமே இல்லை. அதற்கென்றே எட்டுப் பின் சாக்கெட்டும் 1117 வகை 3.3 வோல்ட் ரெகுலேட்டரும் வைத்த அடாப்டர் பலகை கிடைக்கிறது. 5 வோல்ட்டை அதில் கொடுத்தால் போதும். ஆனால் ஒற்றை லித்தியம் செல்லை அந்த அடாப்டரில் மாட்டாதீர்கள். அந்த ரெகுலேட்டர் தனக்கென்று ஒரு வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், 3.7 வோல்ட் உள்ளே போனால் 2.6 அளவில்தான் வெளியே வரும். குச்சி ஆன்டெனாவைத் திருகாமல் பவர் கொடுப்பதும் கூடாது. போக இடமில்லாத சக்தி ஆம்ப்ளிஃபையருக்கே திரும்பி அதைக் கெடுத்துவிடும்.

அடுத்தது கம்பி. இந்த மாட்யூலின் பின்கள் இரண்டு வரிசையாக நெருங்கி நிற்பதால் பிரெட்போர்டில் நேராகக் குத்தவே கூடாது. குத்தினால் ஒவ்வொரு ஜோடியும் ஒரே துளை வரிசையில் விழும். முதல் ஜோடியே கிரவுண்டும் விசிசியும்தான், நேரடி ஷார்ட். நடுப் பள்ளத்தின் இரு பக்கமும் கால் வைக்கலாம் என்றால் பின்களுக்கிடையே அவ்வளவு அகலம் இல்லை. ஒரு பக்கம் செருகும் வாய், மறுபக்கம் குச்சி உள்ள ஜம்பர் வயர்தான் வழி. அதுவும் 10 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது.

பின் வரிசையைச் சதுரக் குறியிலிருந்து எண்ணுங்கள்: கிரவுண்டுக்கு ஜோடி விசிசி, சிஇ-க்கு ஜோடி சிஎஸ்என், எஸ்சிகே-க்கு ஜோடி மோசி, மிசோவுக்கு ஜோடி ஐஆர்க்யூ. படத்தைப் பார்த்து மாட்டும்போது, அந்தப் படம் மாட்யூலை மேலிருந்து காட்டுகிறதா, பின் பக்கத்திலிருந்து காட்டுகிறதா என்று பார்க்கத் தவறினால் எல்லாம் இடம் வலமாகிவிடும். சதுரக் குறியை நம்புங்கள், படத்தை நம்பாதீர்கள். ஐஆர்க்யூ பின்னைச் சும்மா விட்டுவிடலாம்.

ஜிபிஎஸ், ப்ளூடூத் மாட்யூல்களில் பழகிய பிள்ளைகள் ஒரு தவறு செய்கிறார்கள். அங்கே டிஎக்ஸ் ஆர்எக்ஸுக்கும் ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கும் குறுக்காகப் போகும். இங்கே அந்தப் பழக்கம் உதவாது. பலகையும் சிப்பும் டேட்டா பரிமாறிக்கொள்ளும் எஸ்பிஐ முறையில் மிசோ மிசோவுக்கே, மோசி மோசிக்கே நேராகப் போக வேண்டும். உனோவிலும் நானோவிலும் மோசி 11, மிசோ 12, எஸ்சிகே 13. பெரிய பலகையான மெகாவில் அதே மூன்றும் 51, 50, 52. உனோவில் ஓடிய இணைப்பை எண் மாறாமல் மெகாவில் மாட்டினால் சிப்புக்கு ஒரு பிட்கூடப் போய்ச் சேராது. இஎஸ்பி32-இல் வழக்கமான இடம் மோசி 23, மிசோ 19, எஸ்சிகே 18. சிஇ, சிஎஸ்என் இரண்டையும் விரும்பிய பின்னில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சிப்புக்கென்றே எழுதி வைத்த ஆர்எஃப்24 லைப்ரரியில் ரேடியோவை அறிவிக்கும் வரியில் அடைப்புக்குள் முதலில் வருவது சிஇ, இரண்டாவது சிஎஸ்என். ஒரு பாடத்தில் 7, 8 என்றும் இன்னொன்றில் 9, 10 என்றும் இருக்கும். கம்பியை ஒரு பாடத்தைப் பார்த்து மாட்டி, புரோகிராமை வேறொரு பாடத்திலிருந்து எடுத்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எஸ்டி கார்டோ ஈதர்நெட் ஷீல்டோ அதே எஸ்பிஐ கம்பிகளில் இருந்தால், அவற்றின் செலக்ட் பின்களை அவுட்புட் ஆக்கி ஹையில் வைத்து வாயடைத்துவிட்டுத்தான் ரேடியோவைத் தொடங்க வேண்டும்.

இப்போது சிப் பதில் சொல்கிறதா என்று பார்க்கலாம். இந்தச் சோதனைக்கு எதிர்முனையே தேவையில்லை, ஒரு பலகையும் ஒரு மாட்யூலும் போதும். ஆர்எஃப்24 லைப்ரரியில் ‘பிரின்ட் டீடெயில்ஸ்’ என்றொரு கட்டளை உண்டு. சிப்பின் உள்ளே இருக்கும் ரெஜிஸ்டர்களை, அதாவது அதன் அமைப்புகள் பதிந்திருக்கும் நினைவிடங்களை, வாசித்து கணினித் திரையின் சீரியல் மானிட்டரில் எழுதும். அதற்கு முன் ‘பிரின்ட்எஃப் பிகின்’ என்ற வரியைச் சேர்க்காவிட்டால் உனோவில் திரை வெறுமையாகவே நிற்கும். அதைப் பார்த்தும் மாட்யூல் செத்தது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. புரோகிராமில் சொன்ன பாட் ரேட்டும் (சீரியல் வேகம்) மானிட்டரில் தேர்ந்தெடுத்ததும் ஒன்றாக இருக்கட்டும்.

திரையில் வருவதை வாசிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எல்லா இடத்திலும் பூஜ்யமே வந்தால் மிசோ கம்பி அறுந்திருக்கிறது, அல்லது மாட்யூலுக்கு மின்சாரமே போகவில்லை. எல்லாம் எஃப்எஃப் (FF) என்று வந்தால் மிசோ மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிஎஸ்என் தவறான பின்னில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆரோக்கியமான சிப்பில் ஸ்டேட்டஸ் 0ஈ (0E) என்று வரும். புரோகிராமில் நீங்கள் கொடுத்த முகவரியும் சேனலும் அப்படியே திரும்பி வரும். வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எண்கள் மாறினால் கம்பி நீளம் அல்லது தளர்ந்த இணைப்பு. லைப்ரரி 10 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் எஸ்பிஐ-யை ஓட்டப் பார்க்கும், உனோவால் 8 வரைதான் முடியும். ரேடியோவை அறிவிக்கும் வரியில் சிஎஸ்என்-க்கு அடுத்து 1000000 என்று கொடுத்தால் 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும். அதில் எண்கள் நிலைத்தால் குற்றவாளி கம்பிதான். இந்த அச்சு சரியாக வந்துவிட்டால் மாட்யூல் உயிரோடு இருக்கிறது. அதற்குப் பிறகு கடைக்காரரிடம் சண்டை போட நியாயம் குறைவு.

ஒரு விஷயத்தைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆர்டுயினோவின் ரீசெட் பொத்தானை அழுத்தினால் ஆர்டுயினோதான் புதிதாகத் தொடங்கும். ரேடியோவுக்கு ரீசெட் பின்னே கிடையாது. பழைய அமைப்புகளை நினைவில் வைத்துக்கொண்டே நிற்கும். ஆகவே எதையாவது மாற்றிச் சோதிக்கும்போது யுஎஸ்பி கம்பியையே பிடுங்கி, ஐந்து எண்ணிவிட்டு மறுபடி செருகுங்கள். மின்சாரம் வந்ததும் சிப் நிதானத்துக்கு வர 100 மில்லி வினாடி பிடிக்கும். ‘ரேடியோ பிகின்’ வரிக்கு முன் அந்த அளவாவது காத்திருக்கச் சொல்லுங்கள்.

அமைப்புகளில் இரு முனையும் ஒத்துப்போக வேண்டியவை: சேனல், டேட்டா ரேட், முகவரி, சிஆர்சி (பிழை கண்டுபிடிக்கும் குறியீடு) நீளம், பேலோட் (செய்தியின் உள்ளடக்கம்) அளவு, ஆட்டோ அக்னாலட்ஜ்மென்ட் (‘கிடைத்தது’ என்று தானாகப் போகும் பதில்). இதில் ஒன்று பிசகினாலும் எந்தப் பிழைச் செய்தியும் வராது, வெறும் மௌனம்தான். அனுப்பும் பக்கத்தில் ‘ஸ்டாப் லிஸனிங்’, கேட்கும் பக்கத்தில் ‘ஸ்டார்ட் லிஸனிங்’ என்பதை இரு பலகைக்கும் ஒரே புரோகிராமை ஏற்றுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். கேட்பதற்கு பைப் 0 (சிப் செய்தியை வாங்கும் வாசல்களில் முதலாவது) வேண்டாம். அனுப்பும்போது அக்னாலட்ஜ்மென்ட் வந்து சேர்வது அந்த பைப்பில்தான். 1-லிருந்து தொடங்குங்கள். பல அனுப்பிகள் உள்ள புராஜெக்ட் என்றால், பைப் 2 முதல் 5 வரை உள்ளவற்றின் முகவரி பைப் 1-இன் முகவரியிலிருந்து ஒரே ஒரு பைட்டில்தான் வேறுபட முடியும், மற்ற நான்கும் பொது. முகவரியின் ஐந்து பைட்டையும் இஷ்டத்துக்கு வைத்தால் இரண்டாவது அனுப்பியிலிருந்து ஒன்றும் வராது.

‘ரைட்’ கட்டளை தோல்வி என்று சொல்வதைப் பார்த்து அனுப்பும் பக்கத்தைக் குடைபவர்கள் அதிகம். அக்னாலட்ஜ்மென்ட் இயங்கும்போது, எதிர்முனை ‘கிடைத்தது’ என்று பதில் போட்டால்தான் அது வெற்றி என்று சொல்லும். கேட்கும் பலகை அணைந்து கிடந்தாலும் அனுப்பும் பக்கம் தோல்வி என்றே காட்டும். இரு பக்கமும் ஆட்டோ அக்னாலட்ஜ்மென்ட்டை அணைத்துவிட்டுச் சோதித்தால் ஒரு திசைப் போக்குவரத்தை மட்டும் தனியாகப் பார்க்கலாம். அப்போது ‘ரைட்’ சொல்லும் வெற்றிக்கு எந்த அர்த்தமும் இல்லை. கேட்கும் திரையை மட்டும் பாருங்கள். கேட்கும் சிப்பில் மூன்று செய்திகளுக்குத்தான் இடம் உண்டு. லூப்புக்குள் ஒரு வினாடி டிலே போட்டுவிட்டு, அனுப்பும் பக்கம் வினாடிக்குப் பத்து அனுப்பினால் நான்காவதிலிருந்து வாசலில் நிற்கும்.

ஒரு செய்திக்கு 32 பைட்தான் உச்சவரம்பு. வெப்பம், ஈரப்பதம், பேட்டரி அளவு என்று எல்லாவற்றையும் ஒரு ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டும் தொகுப்பில்) அடைத்து அனுப்பும்போது இதை எண்ணிப் பாருங்கள். ஒரு முனையில் உனோவும் மறுமுனையில் இஎஸ்பி32-உம் வைத்தவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. உனோவில் ‘இன்ட்’ 2 பைட், இஎஸ்பியில் 4. ‘டபுள்’ உனோவில் 4, அங்கே 8. செய்தி போய்ச் சேரும், எண் மட்டும் உளறும். 31 டிகிரி வெப்பம் லட்சக்கணக்கில் காட்டும்போது ரேடியோவைச் சந்தேகிக்காதீர்கள். அளவு குறிப்பிட்ட வகைகளை, 16 பிட் இன்ட், 8 பிட் அன்சைன்டு இன்ட் என்று, இரு பக்கமும் ஒன்றாக வைத்து, ஸ்ட்ரக்டை ‘பேக்டு’ என்று அறிவித்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீரும்.

சந்தையில் கிடைப்பவற்றில் நார்டிக் சிப்பைப் போலவே செய்த வேறு சிப்கள் கலந்திருக்கின்றன. அவை தங்களுக்குள் நன்றாகவே பேசிக்கொள்ளும். அசலும் நகலும் கலந்தால் ஆட்டோ அக்னாலட்ஜ்மென்ட், டைனமிக் பேலோட் போன்ற இடங்களில் முரண்டு பிடிக்கலாம். இரண்டையும் ஒரே கடையில், ஒரே கட்டிலிருந்து எடுப்பது நல்லது. பிளஸ் இல்லாத பழைய சிப்பில் 250 கிலோபிட் வேகமே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் சோதனையை மேசையில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் இடைவெளியில், குறைந்த பவரில் செய்யுங்கள். ஆம்ப்ளிஃபையர் வைத்த இரண்டு மாட்யூல்களை அரை அடி தூரத்தில் முழு பவரில் வைத்தால் கேட்கும் பக்கம் காது அடைத்துப்போய் ஒன்றும் பிடிக்காது. மேசையில் ஓடிய பிறகு தூரத்துக்குப் போங்கள். தூரம் வேண்டுமானால் வேகத்தைக் குறையுங்கள்: 2 மெகாபிட்டில் இந்தச் சிப்பின் கேட்கும் திறன் மைனஸ் 82 டிபிஎம், 250 கிலோபிட்டில் மைனஸ் 94 (எண் கீழே போகப் போக இன்னும் மெல்லிய சிக்னலும் கேட்கும்). இந்த 12 டெசிபல் வித்தியாசம் திறந்த வெளியில் நான்கு மடங்கு தூரத்துக்குச் சமம். தண்ணீர்த் தொட்டி அளவு சொல்ல 250 கிலோபிட்டே ஏராளம். அந்த வேகத்தில் மறுமுயற்சி இடைவெளி 500 மைக்ரோ வினாடிக்குக் குறையக் கூடாது. மறுமுயற்சிக்கு 5, 15 என்று கொடுத்தால் 1500 மைக்ரோ வினாடி இடைவெளியில் 15 முறை முயலும்.

சேனல் விஷயத்தில் வெளிநாட்டுப் பாடங்களை அப்படியே எடுக்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வைஃபை தொந்தரவிலிருந்து தப்ப 108-ஆம் சேனலுக்குப் போங்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். இந்தச் சிப்பில் சேனல் எண்ணோடு 2400-ஐக் கூட்டினால் மெகாஹெர்ட்ஸ் வந்துவிடும். 108 என்றால் 2508. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் குறைந்த பவர் கருவிகள் இயங்க 2005-ஆம் ஆண்டு விதிகள் அனுமதிப்பது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 2508 அதற்கு வெளியே விழுகிறது. சிப் அனுமதிக்கிறது என்பதற்காகச் சட்டம் அனுமதித்துவிடாது. வைஃபை ரவுட்டர்கள் பெரும்பாலும் 1, 6, 11 என்ற சேனல்களில், அதாவது 2412, 2437, 2462 மெகாஹெர்ட்ஸை மையமாக வைத்து, ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் உட்கார்ந்திருக்கின்றன. 11-க்கு மேலே 75 முதல் 82 வரை நமக்கு இடம் இருக்கிறது. லைப்ரரி தானாக எடுக்கும் 76 அதற்குள்தான். பக்கத்து வீட்டு ரவுட்டர் 13-இல் நின்றால் மட்டும் அந்த இடமும் நெரிசலாகும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஊகம் வேண்டாம். லைப்ரரியோடு வரும் ஸ்கேனர் புரோகிராமை ஓட்டினால் எந்தச் சேனலில் சத்தம் என்று எண்ணாகவே காட்டிவிடும்.

சென்னையில் இந்த மாட்யூலுக்கு மிகப் பொருத்தமான வேலை மொட்டை மாடித் தொட்டியின் நீர் மட்டத்தைக் கீழே சம்ப் மோட்டாருக்குச் சொல்வது. அங்கே வரும் கோளாறுகள் தனி ரகம். தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸை நன்றாக விழுங்கும். அனுப்பும் பெட்டிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே நிறைந்த தொட்டி வந்தால், காலி வயிற்றில் பேசும் கருவி தொட்டி நிரம்பியதும் ஊமையாகும். மோட்டாரை நிறுத்த வேண்டிய அதே நேரத்தில். பெட்டியைத் தொட்டியின் பக்கவாட்டில், மாடிப்படி அல்லது டக்ட் பக்கமாக வையுங்கள். கம்பி வைத்துப் போட்ட கான்கிரீட் தளங்களை நேராகத் துளைப்பதைவிடப் படிக்கட்டு வழியாக இறங்குவது சிக்னலுக்கு எளிது. கீழே ரிலேவுக்கும் ரேடியோவுக்கும் ஒரே 5 வோல்ட்டைக் கொடுத்தால் ரிலே அடிக்கும் ஒவ்வொரு முறையும் ரேடியோ தடுமாறும், தனித்தனி அடாப்டர் வையுங்கள். திருவொற்றியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றுக்கு ஜம்பர் வயரின் வாய் பச்சை பூத்துவிடும்; மாடிப் பெட்டிக்குள் எல்லாமே சாலிடராக இருக்கட்டும். கத்திரி வெயிலில் மூடிய பெட்டிக்குள் சூடு ஏறும் என்பதால் கப்பாசிட்டரில் 85 டிகிரி வேண்டாம், 105 டிகிரி என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

இதற்கும் எட்டாத தூரம் என்றால், நெடுந்தூரம் பேசும் ரேடியோ வகையான லோரா மாட்யூலுக்குப் போகலாம். அங்கே 915 மெகாஹெர்ட்ஸ் வகையை வாங்காதீர்கள். நமக்கு உரிமம் வேண்டாத பட்டை 865-லிருந்து தொடங்குவது. 2005-இல் 867 வரை இருந்தது, பிறகு 868 வரை நீட்டினார்கள். லோரா மாட்யூல்களின் டேட்டா பின்கள் பெரும்பாலும் 5 வோல்ட்டைத் தாங்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உனோவோடு பழகிய கை அதை நேராக மாட்டிவிடும்.

கல்லூரி ஆய்வகங்களில் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘மாட்யூல் கெட்டுவிட்டது’ என்று வரும் மாணவரிடம் அந்த ரெஜிஸ்டர் அச்சைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் கப்பாசிட்டரையும் கம்பியையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். புது மாட்யூல் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

ரிச்சி தெருக் கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த மாட்யூலை விற்கும்போது அதே கவரில் 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். ஒன்றிரண்டு ரூபாய்தான் கூடும், சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே விசிட்டிங் கார்டு அளவில் ஒரு தாள்: எட்டுப் பின்னின் பெயர், சதுரக் குறி எது, பட்டை உள்ள கால் எங்கே, 3.3 வோல்ட் மட்டும். தமிழிலேயே அச்சிடுங்கள். மாற்றிக் கேட்டு வருகிறவர்களுக்கும் முதலில் அந்தத் தாளையே நீட்டலாம்.

இப்படிக்கு,
மின்னணுப் பயிற்றுநர் ஒருவர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை.